பல செய்தி வலைகளுக்கு ஒரே கருவி

நாம் ஒரு கடிதம் எழுதி, இந்தியத் தபால் தலையை ஒட்டி, அயல்நாட்டிலுள்ள உறவினருக்கு அனுப்புகிறோம். அந்நாட்டுத் தபால்காரர் அதை யாதொரு மறுப்புமின்றி அவர் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். நமது தபால் தலை அவருக்கு அந்நியமானதுதான். எனினும் கடிதம் போய்ச் சேருகிறது. இந்தச் சௌகரியம் தானாக வந்ததன்று. 1874-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டின் பெர்ன் நகரில் 22 நாடுகள் கூடிச் செய்துகொண்ட உடன்படிக்கையின் பயனாகவே இது கிட்டிற்று. அதற்கு முன்னர் நாடுகள் தமக்குள் தனித்தனியே ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டியிருந்தது. கட்டணங்களும் பாதைக்குப் பாதை வேறுபட்டன. இந்தியா 1876-இல் இந்தப் பொது ஏற்பாட்டில் சேர்ந்தது.

தொலைபேசியிலும் அவ்வாறே. ஒரு கம்பெனியின் எண்ணை வைத்திருப்பவர் வேறொரு கம்பெனியின் எண்ணுக்குப் பேச முடிகிறது. ஆனால் கணினியிலும் கைப்பேசியிலும் நாம் நாள்தோறும் கையாளும் உடனடிச் செய்திச் சேவைகளில் இந்த நியாயம் பெரும்பாலும் செல்லுபடியாவதில்லை. ஒரு சேவையில் பெயரைப் பதிந்துகொண்டவர் மற்றொரு சேவையிலுள்ளவருக்கு ஒரு வரிகூட அனுப்ப இயலாது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் ஒரு சேவையில். விதை வழங்கும் வியாபாரி வேறொன்றில். பால் கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளர் மூன்றாவது ஒன்றில். ஆகவே ஒரே விவசாயி மூன்று கருவிகளைத் திறந்து வைத்துக்கொண்டு, எதில் யார் அழைத்தார் என்று மாறி மாறிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இச்சங்கடத்துக்கு ஒரு பகுதிப் பரிகாரமாக, கால் நூற்றாண்டுக்கு மேலாக ஓர் இலவசக் கருவி இருந்து வருகிறது. அதன் பெயர் பிட்ஜின். ஒரே சாளரத்தில் பல வலையமைப்புகளிலுள்ள நண்பர்களோடு உரையாட அது உதவுகிறது. அதைப் பயன்படுத்தும் முறையையும், அதனால் ஆவது எது, ஆகாதது எது என்பதையும் இங்கே கவனிப்போம்.

பூட்டும் சாவியும்

1996-ஆம் ஆண்டில் இஸ்ரேல் நாட்டு நிறுவனமொன்று ஐ.சி.க்யூ. என்ற சேவையைத் தொடங்கிற்று. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் ஏ.ஓ.எல். நிறுவனம் தனது ஏ.ஐ.எம். சேவையை அனைவருக்கும் திறந்தது. 1998-இல் யாஹூவும், 1999-இல் மைக்ரோசாப்டும் தத்தமது சேவைகளைக் கொண்டுவந்தன. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு பேச்சு முறையை வகுத்துக்கொண்டது. அந்த முறையைப் பிறர் அறியாதவாறு மறைத்து வைப்பதே வாணிபத் தந்திரமாக இருந்தது. ஏனெனில், நண்பர்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கேதான் புதியவர்களும் வந்து சேருவார்கள். வந்தவர் வெளியேறவும் தயங்குவார்.

1998-இல் அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழக மாணவராக இருந்த மார்க் ஸ்பென்சர் என்பவர், ஏ.ஐ.எம். சேவையை லினக்ஸ் கணினிகளில் உபயோகிப்பதற்காக ஒரு சிறு நிரலை எழுதி வெளியிட்டார். அதன் பெயர் கெய்ம். (தொலைபேசி இணைப்பகமாகக் கணினியையே மாற்றிவிடும் ஆஸ்டரிஸ்க் என்னும் கட்டற்ற மென்பொருளைப் பிற்பாடு தொடங்கியவரும் இவரே.) நிரலின் மூல வரிகளை யாவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம் என்ற உரிமத்துடன் அது வெளிவந்தது. ஆகவே பல நாட்டுத் தொண்டர்கள் அதில் கைவைத்தனர். ஒருவர் யாஹூவுக்கும், மற்றொருவர் ஐ.சி.க்யூ.வுக்கும், வேறொருவர் எம்.எஸ்.என்.னுக்கும் வழி அமைத்தனர். நாளடைவில் அது பல சேவைகளுக்கும் பொதுக் கருவியாயிற்று.

ஏ.ஓ.எல். நிறுவனத்தாருக்கு இது பிடிக்கவில்லை. தங்கள் ஏ.ஐ.எம். என்னும் வாணிகப் பெயர் கெய்ம் என்ற சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது என்று ஆட்சேபித்தனர். வழக்குப் பேச்சு ஆண்டுக்கணக்கில் நீண்டு, 2007 ஏப்ரலில் சமரசத்தில் முடிந்தது. அப்பொழுதுதான் கருவிக்கு பிட்ஜின் என்ற புதுப்பெயர் வந்தது. வேற்று மொழியினர் சந்தையிலும் துறைமுகத்திலும் கூடுமிடத்து, பேரம் பேசுவதற்காகத் தமக்குள் ஆக்கிக்கொள்ளும் கலப்பு மொழிக்கு ஆங்கிலத்தில் அப்பெயர். புறாவைக் குறிக்கும் சொல்லும் அதே ஓசையுடையதாகையால், ஊதா நிறப் புறா ஒன்றைச் சின்னமாக வைத்துக்கொண்டார்கள். பெயர் மாற்றத்தில் நஷ்டம் ஏதுமில்லை என்பது நமது கருத்து. பழைய பெயரைவிடப் புதியதே காரியத்துக்குப் பொருந்துகிறது.

பூட்டை மாற்றுவதும் சாவியை மாற்றுவதுமான இந்தப் போட்டி தொண்டர்களோடு நிற்கவில்லை. 1999 ஜூலையில் மைக்ரோசாப்ட் தன் எம்.எஸ்.என். மெசஞ்சரை வெளியிட்டபோது, அதிலிருந்தே ஏ.ஐ.எம். நண்பர்களோடும் பேசலாம் என்று ஏற்பாடு செய்தது. ஏ.ஓ.எல். உடனே வழியை அடைத்தது. மைக்ரோசாப்ட் வேறு வழி கண்டது, மீண்டும் அடைப்பு. சில மாதங்களில் மைக்ரோசாப்ட் அம்முயற்சியைக் கைவிட்டது. 2001 ஜனவரியில் ஏ.ஓ.எல்., டைம் வார்னர் நிறுவனங்களின் இணைப்புக்கு அனுமதி வழங்கிய அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம், காணொளியுடன் கூடிய உயர்தர உடனடிச் செய்திச் சேவையைத் தொடங்குமுன் பிற சேவைகளோடு இணங்கி நடக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை விதித்தது. 2003-இல் அந்நிபந்தனையும் விலக்கப்பட்டது. பெர்ன் நகரில் தபாலுக்கு நிகழ்ந்தது இங்கே நிகழாமலே போயிற்று.

துபாஷி செய்யும் வேலை

பிட்ஜின் வலையமைப்புகளை ஒன்றாக இணைப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. ஒவ்வொரு சேவையிலும் நமக்கு ஒரு கணக்கு இருந்தே தீர வேண்டும். பிட்ஜின் அக்கணக்குகள் அனைத்தின் வழியாகவும் ஒரே சமயத்தில் உள்ளே சென்று, ஒவ்வொரு சேவையோடும் அதனதன் பாஷையில் பேசி, வந்த செய்திகளை ஒரே விதமாக நம் முன் வைக்கிறது. முற்காலத்தில் சென்னையில் கம்பெனியாருக்கும் உள்ளூர் வணிகருக்கும் நடுவே நின்ற துபாஷியின் வேலை இது. ஒரு சேவையிலுள்ள நண்பர் மற்றொரு சேவையிலுள்ள நண்பரோடு இதனால் பேசிவிட முடியாது. நாம் இருவரோடும் பேசலாம், அவ்வளவே.

இந்த மொழிபெயர்ப்புப் பகுதியைத் தனியே பிரித்து, லிப்பர்ப்பிள் என்ற பெயரில் வைத்திருக்கின்றனர். ஆப்பிள் கணினிகளுக்கான அடியம் என்ற கருவியும், எழுத்துத் திரையில் மட்டும் இயங்கும் ஃபின்ச் என்ற கருவியும் அதையே கொண்டு இயங்குகின்றன.

நிறுவும் முறை

பழைய கணினியும் இதற்குப் போதும். லினக்ஸ் கணினியானால் அதன் மென்பொருள் களஞ்சியத்திலேயே பிட்ஜின் கிடைக்கும். விண்டோஸ் கணினியானால் பிட்ஜின் திட்டத்தாரின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ள வேண்டும். வேறு தளங்கள் தரும் பிரதிகளை நம்புதல் கூடாது. கட்டணம் இல்லை.

முதன்முறை திறந்ததும், கணக்கு எதுவும் இல்லை என்று அறிவித்து, புதிய கணக்கைச் சேர்க்குமாறு கேட்கும். 'ஆட்' என்ற பொத்தானை அழுத்தினால் ஒரு படிவம் வரும். அதில் முதல் வரி 'புரோட்டோகால்'. எந்தச் சேவை என்பதை அங்கே தேர்ந்துகொள்ள வேண்டும். முதலில் எக்ஸ்.எம்.பி.பி. என்பதைத் தேர்ந்தெடுத்துப் பழகுவது நல்லது. காரணத்தைப் பின்னர் கூறுவோம். அடுத்து 'யூசர்நேம்' என்ற இடத்தில் நமது பெயரையும், 'டொமைன்' என்ற இடத்தில் கணக்கு எந்தச் சேவையகத்தில் இருக்கிறதோ அதன் பெயரையும் எழுத வேண்டும். ஆளின் பெயரும் ஊரின் தபால் நிலையமும் சேர்ந்து முகவரியாவது போன்றே இதுவும். கணக்கு இல்லாதவர்கள், படிவத்தின் கீழேயுள்ள 'சேவையகத்தில் இக்கணக்கைப் புதிதாக உண்டாக்கு' என்னும் பொருளுடைய கட்டத்தில் குறியிடலாம். சில சேவையகங்கள் இவ்வழியை ஏற்பதில்லை. அவற்றின் தளத்துக்குச் சென்று பதிந்துகொண்டு வர வேண்டும். வேறு சேவைக் கணக்குகளையும் இவ்விதமே ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்கலாம்.

பிறகு தோன்றுவது நண்பர் பட்டியல். இங்குதான் இக்கருவியின் உண்மையான சௌகரியம் விளங்கும். எந்தச் சேவையின் வழியாக வந்தவராயினும் எல்லாரும் ஒரே பட்டியலில் நிற்பர். ஒருவருக்கே இரண்டு சேவைகளில் கணக்கு இருந்தால், ஒரு பெயரைச் சுட்டியால் இழுத்து மற்றொரு பெயரின்மீது விட்டால் போதும். இரண்டும் ஓர் ஆளாகச் சேர்ந்துவிடும். இனி அவர் எந்தச் சேவையில் இருக்கிறார் என்ற விசாரம் நமக்கு இல்லை. 'வெளியே சென்றிருக்கிறேன்' என்ற அறிவிப்பை ஒருமுறை வைத்தால் எல்லாச் சேவைகளிலும் அதுவே தெரியும். உரையாடல்கள் ஒரே சாளரத்தில் பக்கம் பக்கமாக அடுக்கி நிற்கும். குறிப்பிட்ட ஒருவர் இணைப்புக்கு வந்தவுடன் மணியடித்துத் தெரிவிக்கும் வசதியும் உண்டு. நேர வேறுபாடுள்ள நாட்டில் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோருக்கு இது மிகவும் பயன்படும்.

தமிழில் எழுதலாமா என்ற கேள்வி எழும். எக்ஸ்.எம்.பி.பி. முறையில் எழுத்துகள் யாவும் யூனிகோடு வழியிலேயே செல்ல வேண்டும் என்பது விதி. ஆகவே தமிழ் எழுத்துகளுக்கு யாதொரு இடையூறும் இல்லை. கணினியில் தமிழ் எழுத்துருவும் தட்டச்சு வசதியும் இருந்தால் போதும். ஐ.ஆர்.சி. என்ற பழைய குழு உரையாடல் முறையில் எழுத்து இன்னவாறு செல்ல வேண்டும் என்ற விதி ஏற்படவில்லை. அங்கே இரு தரப்பாரும் யூனிகோடு வைத்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்; இல்லையேல் தமிழுக்குப் பதில் பொருளற்ற குறிகளே வந்து சேரும்.

எச்சரிக்கை வேண்டிய இடங்கள்

கிராமங்களில் கணினி பெரும்பாலும் ஒருவருக்கு உரியதன்று. நூலகத்திலோ, இ-சேவை மையத்திலோ, சங்க அலுவலகத்திலோ பலர் கைபட இருப்பது. ஆகவே பின்வரும் விஷயத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

படிவத்தில் 'கடவுச்சொல்லை நினைவில் வை' என்ற பொருளில் ஒரு கட்டம் இருக்கும். பொதுக் கணினியில் அதில் ஒருபோதும் குறியிடலாகாது. பிட்ஜினின் இரண்டாம் வரிசைப் பதிப்புகள், நினைவில் வைக்கும் கடவுச்சொல்லை மறைப்பின்றி அப்படியே ஒரு கோப்பில் எழுதி வைக்கின்றன. அக்கோப்பைத் திறக்கத் தெரிந்த எவரும் அதைப் படித்துவிடலாம். இது கவனக்குறைவால் நேர்ந்ததன்று. பெயரளவுக்கு மறைத்து வைத்தால் பயனர் ஏமாந்து நிம்மதியடைவார். உண்மையான காப்பு இல்லாதபோது இருப்பது போலக் காட்டுதல் தீது என்பது அதனை ஆக்கியோரின் வாதம். வாதம் நேர்மையானதுதான். ஆயினும் பொது நூலகத்தில் உட்கார்ந்திருக்கும் மாணவிக்கு அது எப்படித் தெரியும்? கணினியைப் பொறுப்பில் வைத்திருப்பவர்கள் இதைச் சொல்லித் தர வேண்டும்.

உரையாடல்களும் அவ்வாறே கணினியில் பதிவாகின்றன. சொந்தக் கணினியானால் இது நன்மை. பொதுக் கணினியானால் விருப்பங்கள் பகுதிக்குச் சென்று பதிவை நிறுத்திவிட வேண்டும்.

மூன்றாவதாக, துணைநிரல்கள். பிட்ஜினில் இல்லாத சேவைகளுக்கும் வசதிகளுக்கும் வெளியார் எழுதிய துணைநிரல்களைச் சேர்த்துக்கொள்ளலாம். 2004-இல் போரிசோவ், கோல்ட்பர்க், ப்ரூவர் ஆகிய மூவர் வகுத்த ஓ.டி.ஆர். என்ற இரகசியக் காப்பு முறை இவ்விதம் சேர்ப்பதே; இடையிலிருப்பவர் எவரும் செய்தியைப் படிக்க முடியாதவாறு அது பூட்டுகிறது. ஆனால் எல்லாத் துணைநிரல்களும் நல்லவையல்ல. 2024 ஜூலையில் பிட்ஜின் தளத்தின் வெளியார் துணைநிரல் பட்டியலில் இடம்பெற்ற ஒன்று, விசைப்பலகையில் அழுத்தும் எழுத்துகளையெல்லாம் திருட்டுத்தனமாகக் கவர்ந்து வந்தது. ஆகஸ்டில் பயனர் ஒருவர் அதைக் கண்டு தெரிவித்த பின்னர் அது நீக்கப்பட்டது. அதன் மூல வரிகள் வெளியிடப்படவில்லை என்பதை முன்பே எவரும் கவனிக்கவில்லை. மூல வரிகளைத் திறந்து காட்டாதவற்றைப் பட்டியலில் ஏற்பதில்லை என்று அதன் பின்னர் முடிவு செய்தனர். தேவையில்லாத துணைநிரலைச் சேர்க்காமலிருப்பதே நமக்கு உத்தமம்.

திறந்த கதவுகளும் அடைபட்ட கதவுகளும்

நிற்க. முன்னர் பெயர் சொன்ன சேவைகள் இன்று எங்கே? எம்.எஸ்.என். மெசஞ்சரின் வழிவந்த சேவையை மைக்ரோசாப்ட் 2013-இல் உலகின் பெரும்பகுதியில் நிறுத்திற்று. ஏ.ஐ.எம். 2017 டிசம்பர் 15 அன்றும், யாஹூ மெசஞ்சர் 2018 ஜூலை 17 அன்றும் மூடப்பட்டன. எல்லாவற்றுக்கும் மூத்த ஐ.சி.க்யூ. 2024 ஜூன் 26 அன்று முடிவுற்றது. சாவிக்கொத்து எவ்வளவு சிறந்ததாயினும், கதவையே சுவராக்கிவிட்டால் அது என்ன செய்யும்? அச்சேவைகளையே நம்பியிருந்தவர்கள், வேறு முகவரி அறியாத பழைய நண்பர்களை அதோடு இழந்தனர். பிட்ஜினில் பேசி வந்தவர்களுக்கு, பதிவான பழைய உரையாடல்களாவது தம் கணினியில் எஞ்சின.

அப்படியானால் பிட்ஜினுக்கு இன்று என்ன வேலை? இங்கேதான் எக்ஸ்.எம்.பி.பி. என்ற பெயரைக் கவனிக்க வேண்டும். 1998-இல் ஜெரெமி மில்லர் என்ற அமெரிக்கர் தொடங்கி, 1999 ஜனவரியில் ஜாபர் என்ற பெயரில் அறிவித்த முறை இது. 2004-இல் இணையத்தின் விதிகளை வகுக்கும் பொறியாளர் குழு இதைப் பொது விதியாக வெளியிட்டது. எவரும் இவ்விதிப்படி ஒரு சேவையகம் அமைக்கலாம். ஒரு சேவையகத்திலுள்ளவர் வேறொரு சேவையகத்திலுள்ளவருக்குத் தபாலைப் போலவே செய்தி அனுப்பலாம். ஒரு சேவையகம் மூடப்பட்டாலும் முறை அழிவதில்லை. வேறிடத்தில் கணக்குத் திறந்துகொள்ளலாம். 1988-இல் பின்லாந்தின் ஔலு நகரில் யார்க்கோ ஓய்க்கரினென் தொடங்கிய ஐ.ஆர்.சி.யும், விதிகள் பொதுவில் இருப்பதால், இன்றளவும் உயிரோடிருக்கிறது.

பெரிய நிறுவனங்கள் இந்தப் பொது விதியைத் தழுவியதும் உண்டு, நழுவியதும் உண்டு. கூகுள் டாக் 2005-இல் எக்ஸ்.எம்.பி.பி.யைக் கொண்டே தொடங்கிற்று. 2022 ஜூனில் பிட்ஜின் போன்ற பிற கருவிகளுக்கு அவ்வழி அடைபட்டது. பேஸ்புக் 2010-இல் திறந்த கதவை 2015-இல் மூடிற்று. இன்று நம் ஊர்களில் பலரும் உபயோகிக்கும் வாட்ஸப்கூட, 2009-இல் பிறந்த காலத்தில், எக்ஸ்.எம்.பி.பி.யைத் தன் தேவைக்கேற்ப மாற்றியே அமைக்கப்பட்டது. ஆனால் வெளியாருக்குக் கதவு திறக்கவில்லை. அதிகாரபூர்வமற்ற கருவிகளைக் கொண்டு நுழைவோரின் கணக்கை முடக்கவும் அதன் விதிகள் இடம் தருகின்றன. ஆகையால் பிட்ஜினில் வாட்ஸப்பைச் சேர்க்கலாம் என்று யாரேனும் துணைநிரல் கொடுத்தால், தொழில் நடத்தும் எண்ணை அதில் பணயம் வைக்கலாகாது. டெலிகிராம் பிற கருவிகளை அனுமதிக்கிறது. அதற்கான துணைநிரல்கள் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் மட்டும், 2024 மார்ச் முதல் செல்லுபடியான சட்டத்தின் வழியாக, வாட்ஸப் போன்ற பெருஞ்சேவைகள் பிற சேவைகள் கேட்டால் இணங்கி வழிவிட வேண்டும் என்று விதித்திருக்கிறது. அது அந்த எல்லைக்குள் மட்டுமே செல்லும்.

பிட்ஜின் கணினிக்கு உரியது. கைப்பேசிக்கு அது இல்லை. ஆயினும் எக்ஸ்.எம்.பி.பி. கணக்கு உள்ளவர்கள் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் கான்வர்சேஷன்ஸ் முதலிய கருவிகளால் அதே கணக்கை உபயோகிக்கலாம். அலுவலகத்தில் கணினி, வயலில் கைப்பேசி, முகவரி ஒன்றே.

கூட்டுறவு அமைப்புகள் தமக்கென ஒரு சேவையகம் வைத்துக்கொள்வதும் இயலாததன்று. புரொசடி, இஜாபர்டி ஆகிய இரண்டும் இலவசமாகக் கிடைக்கும் சேவையக மென்பொருள்கள். முன்னது சிறு கணினியிலும் இயங்கும். ஆனால் இணையப் பெயருக்கு ஆண்டுக் கட்டணம் செலுத்த வேண்டும். கணினியைக் கவனித்துப் புதுப்பிக்க ஓர் ஆள் வேண்டும். ஒவ்வோர் ஊராட்சியும் இதில் இறங்க வேண்டும் என்று நாம் சொல்லமாட்டோம். பல சங்கங்கள் சேர்ந்த மாவட்ட ஒன்றியம் ஒன்று இதை ஏற்று நடத்தினால், உறுப்பினர் பட்டியலும் கணக்குகளும் ஒன்றியத்தின் கையிலேயே இருக்கும்.

இதற்கும் வசதியில்லாத இடங்களில் செய்யத்தக்கது ஒன்றுண்டு. பிட்ஜினில் 'பான்ஷூர்' என்ற பெயரில் ஒரு வழி இருக்கிறது. ஒரே கட்டடத்துக்குள் ஒரே வலையில் இணைந்த கணினிகள், வெளிச் சேவையகம் எதுவுமின்றித் தாமே ஒன்றையொன்று கண்டுகொண்டு பேசுவதற்கு அது உதவுகிறது. கடவுச்சொல் கேட்பதில்லை, பெயரை எழுதினால் போதும். விண்டோஸ் கணினியில் ஆப்பிள் நிறுவனம் அதே பெயரில் இலவசமாக வழங்கும் சிறு மென்பொருளை முதலில் நிறுவிக்கொள்ள வேண்டும். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் இவ்விதம் அமைத்துக்கொண்டால், வெளி இணைய இணைப்பு அறுந்த நாளிலும் கீழ்த்தளத்து எழுத்தர் மாடியிலுள்ள பொறியாளருக்குச் செய்தியும் அனுப்பலாம், மதிப்பீட்டுத் தாளையும் அனுப்பலாம். மின்சாரம் மட்டும் இருக்க வேண்டும்.